‘வேண்டாம்’ என்று சொல்லவும் அருள் வேண்டும்



ஹேவாஹெட்டயிலிருந்து கண்டிக்குச் செல்லும் காலை நேர பஸ்ஸில் நீங்கள் எப்போதாவது பயணம் செய்திருக்கிறீர்களா? தேயிலை மலைகளையும் மரக்கறித் தோட்டங்களையும் கடந்து, தலாத்துஓயா வழியாக இறங்கி, அம்பிட்டியவைத் தாண்டி நகரத்திற்குள் நுழையும் பஸ் அது. நின்றுகொண்டே பயணிப்போரில் பலர் இளையோர். கையில் ஒரு கோப்பு. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், க.பொ.த. உயர்தரப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தரின் சான்று, பங்குத்தந்தையின் நற்சான்றுக் கடிதம். வேலை தேடிச் செல்லும் பிள்ளைகள் அவர்கள்.

அந்த நற்சான்றுக் கடிதங்களில் என் கையொப்பமும் உண்டு. ஆகவேதான் இந்த வாரம் இதைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன்.

மறுத்த மகனும் மனம் வெதும்பிய தாயும்

2025ஆம் ஆண்டு, செபமாலை மாதமாகிய ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தாய் தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர். மகன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்தவன், கணக்கீட்டில் ஆர்வமுள்ளவன். கண்டி நகரில் ஒரு கடையில் அவனுக்குக் கணக்கெழுதும் வேலை கிடைத்திருந்தது. அதை அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

“சாமி, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க. வீடு தேடி வந்த வேலைய எட்டி உதைச்சிட்டு வந்து நிக்கிறான்” என்றார் தாய்.

“என்ன தம்பி, ஏன் மறுத்தாய்?” என்று கேட்டேன்.

அவன் ஒரு தாளை நீட்டினான். கடைக்காரர் வாயால் சொன்ன நிபந்தனைகளை அவனே எழுதி வைத்திருந்தான். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை. மாதம் 26 நாள். சம்பளம் 22,000 ரூபா, இரு வேளைச் சாப்பாடு. நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி கிடையாது. உயர்தரச் சான்றிதழின் மூலப்பிரதியை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் முடியுமுன் விலகினால் ஒரு இலட்சம் ரூபா செலுத்தினால்தான் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும்.

கணக்குப் படித்த பிள்ளையல்லவா? கீழே கணக்கும் போட்டிருந்தான். 12 மணித்தியாலம் வீதம் 26 நாளைக்கு 312 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்திற்கு எழுபது ரூபா ஐம்பது சதம். கண்டி நகரக் கடையில் ஒரு பால் தேநீருக்கே அது போதாது. தேயிலை விளையும் மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளையின் ஒரு மணி நேரம், ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கும் கீழே!

“நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் தருவீர்களா, சான்றிதழின் பிரதியை மட்டும் தந்தால் போதாதா என்று மரியாதையாகத்தான் கேட்டேன் பாதர். வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், விருப்பமென்றால் சேர், இல்லாவிட்டால் போ என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்” என்றான்.

தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மானம் சோறு போடுமா சாமி?” என்றார்.

அன்பர்களே, அந்தக் கேள்வியை எளிதாக எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாய் பேராசைக்காரியல்லர். ஒரு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021ஆம் ஆண்டு மார்ச் வரை காத்திருந்த மக்களில் ஒருவர். மாதம் 22,000 ரூபா என்பது அவர் வீட்டில் இளைய மகளின் பாடசாலைச் செலவு. கூட்டுறவுக் கடைக் கடன். மழை ஒழுகும் லயன் கூரைக்கு ஒரு தகரம். பசியின் பக்கத்திலிருந்து எழுந்த கேள்வி அது. வயிறு நிறைந்தவர்கள் அதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

நான் தவறிய இடம்

அன்று அந்தத் தாய் எதிர்பார்த்த பதிலை நான் சொல்லவில்லை. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், அதே பதிலை நான் ஒரு பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. தூரத்து நகரமொன்றில் வேலை. நற்சான்றுக் கடிதம் கொடுத்து அனுப்பியவன் நானே. சில மாதங்களில் தொலைபேசியில் அழுதாள். விடியுமுன் எழுந்தால் நள்ளிரவில்தான் படுக்கை; சம்பளத்தைக் கேட்டால், ‘உன் பணம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்’ என்ற பதில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பொறுத்துக்கொள் மகளே. உன் சிலுவையை ஆண்டவரின் சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடு” என்றேன்.

பதினான்கு மாதங்களின் பின் அவள் திரும்பி வந்தாள். கையில் இருந்தது மூன்று மாதச் சம்பளம் மட்டுமே. உடல் மெலிந்திருந்தது. என்னை அவள் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்து கடைசி வாங்கில் அமர்ந்தாள். அன்று நற்கருணையை அவள் நாவில் வைத்தபோது என் கை நடுங்கியது.

அதன் பின்னரே நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கிறிஸ்துவைப் பின்செல்வதால் நம்மீது வந்து சேர்வது சிலுவை. ஒருவரின் பேராசை மற்றவர் தோளில் ஏற்றி வைக்கும் பாரத்திற்கு அந்தப் புனிதமான பெயரைச் சூட்டக் கூடாது. ஆண்டவரையே எண்ணிப் பாருங்கள். தலைமைக் குருவின் முன் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, அவர் வாய்மூடி இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் தவறு எது என்று காட்டு. சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்ற பொருளில் அவனிடம் நியாயம் கேட்டார் என்று யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. சில மணி நேரத்தில் சிலுவையைச் சுமக்கப் போகின்றவர்தாம் அப்படிக் கேட்டார். பொறுமையும் நியாயம் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

லாபானின் இனிய சொல்

திருவிவிலியத்தில் வேலைக்கு அமர்த்தும் காட்சிகளுள் மறக்க முடியாதது லாபானின் வீட்டில் நடந்தது. ஊரை விட்டு ஓடி வந்த யாக்கோபுக்குப் புகலிடம் வேண்டும். லாபானோ தாய்மாமன். நீ என் உறவினன் என்பதற்காக எனக்குச் சும்மா உழைப்பதா, என்ன கூலி வேண்டும் சொல் என்று எவ்வளவு இனிமையாகக் கேட்கிறான்! ஏழாண்டு உழைப்பிற்குப் பின் ராகேலைத் தருவதாகச் சொன்னவன் லேயாவைத் தந்தான். மீண்டும் ஏழாண்டு. அதன்பின் மந்தைக்காக ஆறாண்டு. இருபது ஆண்டுகளில் பத்து முறை தன் கூலியை மாற்றினான் என்று யாக்கோபு முறையிடுவதைத் தொடக்க நூல் 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

அநீதியான வேலை முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவதில்லை. ‘நம்ம ஆள்’, ‘நம்ம ஊர்ப் பிள்ளை’, ‘வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருப்போம்’ என்று உறவு கொண்டாடிக்கொண்டே வருகிறது. எழுத்தில் எதுவும் இராது, எல்லாம் வாய்ச்சொல். ஆனால் கதையின் முடிவைக் கவனியுங்கள். யாக்கோபு லாபானை விட்டுப் புறப்பட்டதை இறைவன் நன்றிகெட்ட செயலாக எண்ணவில்லை. புறப்படும்படி சொன்னவரே அவர்தாம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முன்னோர் வாக்கு. அது நன்றியைப் பற்றியது. உப்பைக் கொடுத்துவிட்டு உழைப்பைப் பறிப்பவருக்கு அது எழுதிக் கொடுத்த அடிமைச் சாசனமல்ல.

அம்பிட்டியவிலிருந்து ஒரு நினைவு

“அவர் கேட்டார், இவன் சம்மதித்தான் என்றால் அதில் அநீதி எங்கே இருக்கிறது?” என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாளிலேயே விடை கிடைத்துவிட்டது. அன்று திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடல் தொழிலாளரின் நிலையைப் பற்றியது. வேறு வழியில்லாமலோ, இதைவிடப் பெரிய துன்பம் நேருமென்ற பயத்தாலோ தொழிலாளி ஒருவர் கடுமையான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால், அவர் பலவந்தத்திற்கும் அநீதிக்கும் இரையானவரே என்பது அம்மடலின் போதனை. அதாவது, பசி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மனம் கையெழுத்திட்ட ஒப்பந்தமாகத் திருச்சபை ஏற்பதில்லை.

அதே திருத்தந்தைதான் 1893இல் கண்டியில் பாப்பிறைக் குருமடத்தை நிறுவச் செய்தவர். 1955இல் அது இந்தியாவின் புனே நகருக்கு இடம்பெயர்ந்தது. இலங்கையின் தேசிய குருமடம் இன்று அம்பிட்டியவில் அந்த மண்ணிலேயே இயங்குகிறது. நான் இறையியல் கற்றதும் அங்கேதான். அந்த நாள்களில் சுற்றுமடலின் பத்திகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். வேலை தேடும் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு ஹேவாஹெட்ட பஸ் அந்தப் பாதையிலேயே தினமும் சென்றதை நான் கவனித்ததில்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நெடுங்காலம் பிடித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் தெரிவான திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்கு முதன்மைக் காரணம் 13ஆம் லியோவின் அந்தச் சுற்றுமடலே என்று கர்தினால்மாரிடம் கூறியபோது, பழைய பாடம் ஒன்று மீண்டும் என் பெயர் சொல்லி அழைத்ததுபோல் உணர்ந்தேன்.

நம் முன்னோருக்குக் கிடைக்காத உரிமை

ஹேவாஹெட்ட மலைகளுக்கு இதில் தனியான ஒரு சாட்சியம் உண்டு. இங்கேதான் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இலங்கைத் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டார். இன்று அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் வந்து பார்க்கின்றனர். அந்தத் தேயிலையைத் தாங்கிய கைகளின் கதையை யார் கேட்கிறார்கள்?

தமிழகத்திலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்த கங்காணி, வழிச்செலவுக்கென முன்பணம் கொடுத்தார். அது கடனாயிற்று. கடன் தீருமுன் அடுத்த கடன் ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்திற்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ வேண்டும். ஒரு சிறு காகிதம் முழுக் குடும்பங்களின் விலையாயிற்று. முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுச் சென்றால் தண்டனை விதிக்க 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருந்தது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 வரை கனவாகவே இருந்தது.

‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை நம் முன்னோருக்கு இருக்கவில்லை என்பதே இதன் பொருள். இப்போது அந்தத் தாளை மீண்டும் பாருங்கள். உயர்தரச் சான்றிதழை முதலாளியின் அலுமாரியில் பூட்டி வைத்து, ஒரு இலட்சம் கொடுத்தால் திருப்பித் தருவேன் என்பது வேறென்ன? நூறு ஆண்டுகளுக்கு முன் ஒழிந்த துண்டு, வேறு உடுப்பில் வந்து வாசலில் நிற்கிறது. அந்த மகன் மறுத்தது வேலையை அல்ல, துண்டை. தாத்தாவின் தாத்தா சொல்ல முடியாத சொல்லைப் பேரன் சொன்னான். அதைத் திமிர் என்று நாம் பெயரிடலாமா?

எளிய வேலையும் அநீதியான வேலையும்

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. கைகளில் அழுக்குப் படும் வேலை, உயர்தரம் படித்தவருக்குக் கௌரவக் குறைவு என்று வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்தக் கட்டுரையைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்த வேண்டாம். நம் ஆண்டவரை வளர்த்தவர் தச்சர். தொழிலாளரான புனித சூசையப்பருக்கு மே முதலாம் நாளில் விழா எடுக்கும்படி 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் பணித்தது சும்மாவா? எளிமையான வேலை வேறு. அநீதியான வேலை வேறு. முன்னையது நம் அகந்தையைக் குறைக்கும். பின்னையது நம் மனிதத்தையே குறைக்கும்.

வேறுபாட்டை எப்படி அறிவது? உங்கள் பிள்ளையோடு அமர்ந்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, எழுத்தில் இருக்கிறதா? கடை, காரியாலய ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், வேலையின் விபரங்களை எழுத்தில் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. வாயால் சொன்னதை எழுதித் தர மறுப்பவர், ஒருநாள் அதை இல்லை என்று சொல்லவும் கூடும்.

இரண்டாவது, விலகிச் செல்லும் வாசல் திறந்திருக்கிறதா? சான்றிதழையோ அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ பிடித்து வைக்கும் இடத்தில் உழைப்பை மட்டுமல்ல, ஆளையே அடகு கேட்கிறார்கள். வெளிநாட்டு வேலையாயின் இன்னும் கவனம் வேண்டும். சுற்றுலா விசாவில் அழைத்துச் சென்று வேலை தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் சிக்குண்டதையும், அவர்களுள் பலர் 2024இல் மீட்கப்பட்டதையும் பத்திரிகைகளில் வாசித்தோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியாமல் எவரிடமும் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது, கூலி நியாயமானதா? சட்டம் விதித்த தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளி தம் பங்காக நூற்றுக்கு 12, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திற்கு நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். 27,000 ரூபாச் சம்பளத்தில் முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 4,050 ரூபா. இரண்டு ஆண்டுகளில் 97,200 ரூபா. ‘சேமலாப நிதி இல்லை’ என்ற மூன்று சொற்களின் விலை அது.

நான்காவது, உறங்கவும் படிக்கவும் குடும்பத்தோடு இருக்கவும் ஆண்டவரின் நாளை அனுசரிக்கவும் நேரம் மிஞ்சுகிறதா? வேலை மனிதருக்காக ஏற்பட்டது என்பதை 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில் விரிவாகப் போதித்தார். மனிதரை முழுவதும் விழுங்கிவிட்டு மிச்சமின்றி அனுப்பும் வேலையில் மனநிறைவைத் தேடுவது வீண்.

இக்கேள்விகளுக்கு விடை சரியில்லையென்றால் முதலில் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள். அறியாமையால் தவறும் முதலாளிகளும் உண்டு. கேட்டபின் திருத்திக்கொண்டவர்களை நான் அறிவேன். திருத்த மறுத்தால், கோபமின்றி நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஏற்கெனவே சிக்குண்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அது பாவமல்ல. கூலிக்காரரின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடு, இல்லையேல் அவர் என்னிடம் முறையிடுவார் என்ற கருத்தில் இணைச் சட்ட நூலில் எச்சரித்தவர் இறைவனே. முறையீட்டைக் கேட்க அவர் காத்திருக்கும்போது, முறையிடாதே என்று சொல்ல நாம் யார்?

மறுப்பின் விலையை யார் செலுத்துவது?

ஹேவாஹெட்ட மகனின் கதை அத்தோடு முடியவில்லை. அவன் மறுத்து ஆறு வாரங்கள் கூட ஆகவில்லை. நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நீங்கள் அறிவீர்கள். பாதைகள் அடைபட்டன. கொழுந்து பறிக்கும் வேலை நின்றது. வேலை நின்றால் சம்பளமும் இல்லை. அந்த நாள்களில் கடையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. அதே நிபந்தனைகள், ஒரு மாற்றமும் இல்லை.

தாய் மீண்டும் என்னிடம் வந்தார். இந்த முறை அவர் கோபப்படவில்லை. “இப்ப என்ன சொல்றீங்க சாமி?” என்று மட்டும் கேட்டார்.

அன்பர்களே, அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. ‘வேண்டாம்’ என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சொல். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு செலவு. அந்தச் செலவை அவனும் அவன் தாயும் மட்டும் சுமக்க வேண்டுமென்று விட்டுவிட்டு, பலிபீடத்தில் நின்று நீதியைப் பற்றி நான் பிரசங்கிப்பதில் என்ன பயன்? வெறும் வாயால் கூறும் ஆறுதலைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எப்படிச் சாடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை புனித வின்சென்ட் தே போல் சபையின் பங்கு உறுப்பினர்களை அழைத்தேன். அவர்களும் புயலில் இழந்தவர்களே. எனினும் மூன்று மாதங்களுக்கு அவன் நேர்முகப் பரீட்சைகளுக்குச் செல்லும் பஸ் செலவையும், தங்கையின் பாடசாலைச் செலவையும் ஏற்பதென்று முடிவு செய்தார்கள். பெரிய தொகையல்ல. ஆனால் அந்தத் தாய்க்கு அது, தம் மகனின் மறுப்பில் ஊரும் பங்கேற்கிறது என்ற செய்தி. அவர் அழுதார். கடைக்குப் போகும்படி மகனை அவர் அதன்பின் வற்புறுத்தவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே ஓர் உறுப்பினர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: “பாதர், நம் பங்கின் பாலர் பாடசாலை ஆசிரியைக்கு நியமனக் கடிதம் இருக்கிறதா?” இருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக அவருக்கு ஒரு சிறு தொகையைக் கொடுத்து, அதற்குச் ‘சேவை’ என்று பெயரிட்டிருந்தோம். கடைக்காரரைக் குறைகூறிய என் நா அடங்கியது. அடுத்த பங்குச் சபைக் கூட்டத்தில் அதைத் திருத்தத் தொடங்கினோம். இதை எழுத எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கடை வைத்திருக்கும் வாசகர்களே, வீட்டில் பணிப்பெண்ணை வைத்திருக்கும் வாசகர்களே, உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். லாபான் தூரத்து ஊரில்தான் வசிக்கிறான் என்று எண்ண வேண்டாம்.

பெற்றோரே, வேலை தேடி வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஒவ்வோர் இரவும் ‘சும்மா இருக்கிறாய்’ என்று சொல்லாதீர்கள். திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். ஏன் வேலையின்றி நிற்கிறீர்கள் என்று தோட்டத் தலைவர் கேட்டார். எங்களை ஒருவரும் அமர்த்தவில்லை என்றார்கள். அவர் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பினார், உள்ளே அழைத்தார், வீட்டில் அடுப்பெரியப் போதுமான முழுநாள் கூலியையும் கொடுத்தார். வேலையின்றி நிற்பவரின் பேச்சை நம்புவது அவருக்குக் கொடுக்கும் முதற்கூலி.

அந்த மகன் இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். அரசாங்க உத்தியோகம் கிடைத்தது, வங்கியில் சேர்ந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் விரும்பிய வேலை இன்னும் கிடைக்கவில்லை. வாரத்தில் மூன்று காலைப்பொழுது ஒரு மரக்கறி வியாபாரிக்குக் கணக்கெழுதுகிறான். சிறிய கூலிதான்; ஆனால் அன்றன்றைய கூலி அன்றன்று மாலை கைக்கு வந்துவிடுகிறது. மீதி நேரத்தில் கணக்கீட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறான். லயத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறான். அவனுடைய சான்றிதழ் அவன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. சென்ற ஞாயிறு அவன் தாயிடம் நலம் விசாரித்தேன். “கஷ்டந்தான் சாமி. ஆனா புள்ள ராத்திரி நிம்மதியாத் தூங்குறான்” என்றார். மானம் சோறு போடுமா என்று கேட்டவருக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அவரே ஒரு பதிலை எனக்குத் தந்துவிட்டார்.

செபிப்போம்: தச்சுப் பட்டறையில் உழைத்த ஆண்டவரே, வேலை தேடி அலையும் எங்கள் பிள்ளைகளுக்கு நியாயமான வேலையைக் கண்டடையும் வழியைக் காட்டும். அநீதியை மறுக்கும் துணிவை அவர்களுக்கும், அந்த மறுப்பின் பாரத்தில் பங்கேற்கும் அன்பை எங்களுக்கும் தாரும். எங்களிடம் உழைப்பவரின் கூலி எங்கள் கையில் தங்கியிருந்தால், இன்று சூரியன் மறையுமுன் அதை எங்களுக்கு நினைவூட்டும். ஆமென்.